நூற்றுப் பதினேழாம் பத்தியில் ஓர் ஆணி

நாங்கள் மாநில நிதிநிலை அறிக்கையின் நூற்றுப் பதினேழாம் பத்தியில் குடியிருக்கிறோம். நானும் என் மனைவி பூங்கோதையும். இரண்டு அறை, ஒரு சமையலறை, காற்றோட்டமான கூடம். தபால்காரருக்கு வழி தெரியும். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கதவைத் தட்டுவார்.

குடிவந்த கதை சின்னது. போன வருடம் நிதியமைச்சர் சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசித்தபோது நாங்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம். சொந்த வீடில்லாத குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் வீடு கட்டித்தர நிதி ஒதுக்கியிருப்பதாக வாசித்தார். பிறகு தண்ணீர் குடிக்க நிறுத்தினார். பூங்கோதை டி.வி.யை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, கதவு திறந்திருக்கு" என்றாள்.

குக்கரையும் இரண்டு பாயையும் எடுத்துக்கொண்டோம். அமைச்சர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் உள்ளே போய்விட்டோம். பால் காய்ச்சினோம். பால் ஒழுங்காகப் பொங்கியது.

எங்களுக்கு நேர் மேலே நூற்றுப் பதினாறாம் பத்தி. அது மீன்வளம். வெள்ளிக்கிழமைகளில் கூரையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும். கூடவே நாலைந்து நெத்திலி விழும். பூங்கோதை சட்டியைச் சரியான இடத்தில் நகர்த்தி வைப்பாள். ஒரு தடவை முழு வஞ்சிரமே விழுந்தது. மேல்வீட்டுக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது.

அமைச்சர் இன்னும் உரையை முடிக்கவில்லை. இப்போது இருநூற்று ஆறாம் பத்தியில் இருக்கிறார். ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டும்போதெல்லாம் எங்கள் கூடம் ஓர் அடி நீளும். இலவசத் திட்டங்களை வாசித்த வாரத்தில் கூடத்தின் அந்தக் கோடிக்குப் பெருக்கப் போன பூங்கோதை கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். மறுநாள்தான் திரும்பினாள். "அங்க மழை பெய்யுதுங்க" என்றாள்.

எதிர்க்கட்சிக்காரர்கள் தினமும் பதினொன்றரைக்கு வெளிநடப்பு செய்வார்கள். அவர்களுக்கு வழி எங்கள் கூடம்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். பூங்கோதை மோர் கொடுப்பாள்.

"மோர் நல்லா இருக்கும்மா. இருந்தாலும் வன்மையா கண்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு டம்ளரைத் திருப்பித் தருவார்கள். மரியாதையான மனிதர்கள்.

இதற்கு முன் கொளத்தூரில் வாடகைக்கு இருந்தோம். பத்தொன்பது வருடம். கீழே வீட்டுக்காரர் வேதாசலம் இருந்தார். அவர் ஏணி போட்டு ஏறி, தன் வீட்டுக் கூரையில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். ஏணியிலேயே சாப்பாடு, ஏணியிலேயே தூக்கம். நாங்கள் அம்மி அரைத்தால் கம்பால் இடிப்பார். குழாயைத் திறந்தால் இடிப்பார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பூங்கோதை எதற்கோ சத்தமாகச் சிரித்துவிட்டாள். வேதாசலம் மேலே வந்தார்.

"இதெல்லாம் நம்ம வீட்டுல வழக்கமில்லம்மா" என்றார்.

அன்றோடு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வீடு, பஸ் வசதி இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த வீட்டில் பால் பொங்கியதும் அவள் சிரித்தாள். நாற்பது நிமிடம் சிரித்தாள். பத்தொன்பது வருடத்துச் சிரிப்பு, ஒரே மூச்சில் வந்துவிடுமா? மிச்சத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். சாயங்காலம் பக்கம் திரும்பும்போதே அவள் சிரிப்புக் கேட்கும். எனக்கு நடை வேகமாகிவிடும்.

மார்ச் இருபத்தேழாம் தேதி காலையில் ஓர் அதிகாரி வந்தார். வீட்டுவசதித் துறை உதவி இயக்குநர் மங்கையர்க்கரசி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். என் இடுப்பு உயரம்தான் இருந்தார்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"மார்ச் மாசம் சார். ஒதுக்கீடு தீரத் தீர நாங்க இப்படித்தான் ஆயிடுவோம். ஏப்ரல்ல சரியாயிடும்."

பூங்கோதை அவருக்கு முக்காலி போட்டாள். அவர் ஏறி உட்கார்ந்து ஒரு பேரேட்டைத் திறந்தார்.

"இந்த வீட்ல யாரும் குடியில்ல" என்றார்.

"நாங்க இருக்கோமே மேடம்."

"அது வாய்வார்த்தை. ஆணி எங்க?"

"எந்த ஆணி?"

அவர் சுவர்களைச் சுற்றிக் காட்டினார். நாலு சுவரும் வழவழவென்று வெறுமையாக இருந்தன. காலண்டர் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் சட்டைகள் பாயில் மடித்துக் கிடந்தன. முகம் பார்க்கும் கண்ணாடி அரிசிப் பானைமேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வருடமாக இப்படித்தான் இருக்கிறோம். எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை.

"மனுஷங்க சொந்தமா இருக்கற வீட்ல ஒரு ஆணியாவது இருக்கும் சார். ஆணி இல்லன்னா குடியில்லன்னு அர்த்தம். குடியில்லன்னா நிதி செலவாகலன்னு அர்த்தம். செலவாகாத நிதி முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கருவூலத்துக்குத் திரும்பிடும்."

"வீடு?"

"வீடும்தான்."

"நாங்க?"

அவர் பேரேட்டில் விரலை ஓட்டினார். "பழைய விலாசத்துக்கு. கொளத்தூர். வீட்டு ஓனர் ஏணியில காத்துக்கிட்டு இருக்காராம்."

பூங்கோதையின் முகம் சின்னதாகிவிட்டது. "ஒரு ஆணிதானே, அடிச்சிடுவோம்" என்றேன் நான். ரொம்பத் தைரியமாகச் சொன்னேன்.

"அடிக்க ஆணிப் பிரிவுல அனுமதி வாங்கணும். எங்க ஆபீஸ் மாடியில இருக்கு" என்று சொல்லிவிட்டு அதிகாரி முக்காலியிலிருந்து குதித்தார். இறங்கும்போது இன்னும் ஒரு விரற்கடை குறைந்திருந்தார்.

ஆணிப் பிரிவுக்குப் போகும் தாழ்வாரம் கொஞ்சம் நீளம். நடக்க நடக்க நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. ஆகவே நான் கால்வாசி தூரம் நடந்துவிட்டு, பராக்குப் பார்ப்பதுபோல் நின்று, அது அசந்த நேரத்தில் ஓடிப் போய்ச் சேர்ந்தேன். அரசு அலுவலகங்களில் பழகியவர்களுக்கு இது தெரியும். வழியில் வாடகை உதவி கேட்டு வந்தவர்களின் வரிசை இருந்தது. பாதி வாடகையை அரசு தருவதால் அவர்கள் பாதி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பாதியைக் காலால் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆணிப் பிரிவு எழுத்தர் பெயர் சம்பந்தம். நீண்ட நாள் சர்வீஸ். மார்பில் மூன்று இழுப்பறைகள் வந்துவிட்டன. நடு இழுப்பறையைத் திறந்து ஆறு அங்குல ஆணி ஒன்றும் சுத்தியல் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஆச்சரியம். இவ்வளவு சுலபமா?

"ஆணி வேற, அனுமதி வேற" என்றார் சம்பந்தம். "வீட்டு உரிமையாளர் சம்மதம் வேணும்."

"உரிமையாளர் நான்தான் சார்."

"அப்ப அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அதற்கென்று அங்கே ஒரு மேசை இருந்தது. அந்தப் பக்கம் மெத்தை வைத்த நாற்காலி. இந்தப் பக்கம் மர ஸ்டூல். நான் பழக்க தோஷத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சார், சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

எழுந்து அந்தப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது. காலை நீட்டிக்கொண்டேன்.

"எதுக்கு?" என்றேன்.

ஸ்டூலுக்கு ஓடிவந்தேன். "காலண்டர் மாட்டத்தான் சார்."

நாற்காலிக்குப் போனேன். "ஏன், காலண்டர் கீழ இருந்தா தேதி மாறிடுமா?"

"இல்ல சார். சின்ன ஆணிதான் சார்."

"இன்னிக்குச் சின்ன ஆணிம்பீங்க. நாளைக்கு அலமாரிம்பீங்க. சுவரு விரிஞ்சா யாரு பொறுப்பு? போன தடவ இருந்தவங்க எவ்ளோ நல்லவங்க தெரியுமா? இருந்த இடமே தெரியாது."

நான் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் நியாயமாகவே படுகிறது.

"சரிங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

சம்பந்தம் கோப்பில் 'மறுக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேல்முறையீடு பண்ணலாமா சார்?"

"உரிமையாளர்கிட்டதான் பண்ணணும்."

"அவர் எப்ப இருப்பார்?"

சம்பந்தம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தான் கெளம்பிட்டு இருக்கார். பிடிங்க" என்றார்.

நான் தாழ்வாரத்தில் ஓடினேன். ஆள் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து பூங்கோதையிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட நீங்களே கேட்டு, உங்களுக்கு நீங்களே முடியாதுன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு பூங்கோத."

"எவர் பக்கம்?"

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று முழுக்கச் சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் மேல்முறையீடு செய்தேன். குளிக்கும்போது கேட்டேன். "ஊர்லேர்ந்து அண்ணன் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போது, லென்ஸில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "ஆடியில பேசிக்கலாம்" என்றேன். ஆடி மாதம் யாரும் வீட்டு விஷயம் பேச மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சரியான அழுத்தக்காரன் நான்.

முப்பதாம் தேதி கருவூலத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். கூடத்தைப் பாய் சுருட்டுவதுபோல் அந்தக் கோடியிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஒரு மடிப்பு விழாமல் சுருட்டினார்கள். பதினொன்றரைக்கு வெளிநடப்பு செய்தவர்களுக்கு வழி பத்தவில்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாக வெளியேறினார்கள். அன்று மோரும் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலரைக்கு மங்கையர்க்கரசி வந்தார். என் முழங்காலுக்குக் கீழே போயிருந்தார். பேரேட்டைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். பூங்கோதை அவரைத் தூக்கி அரிசிப் பானைமேல், கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அனுமதி வந்துச்சா சார்?" குரலும் சின்னதாகிவிட்டிருந்தது.

"பரிசீலனையில இருக்கு மேடம்."

"யாரோட பரிசீலனையில?"

"என்னோட."

கருவூல ஆட்கள் கூடத்தைச் சுருட்டி முடித்துவிட்டார்கள். இப்போது எங்கள் அறை வாசலில் சுருளின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். "நீங்க மெதுவா பண்ணுங்க சார், நாங்க இருக்கோம்" என்றார்கள்.

நான் ஆணியைச் சுவரில் வைத்தேன். சுத்தியலை ஓங்கினேன். கை அங்கேயே நின்றுவிட்டது. ஓங்கிய கையைப் பத்தொன்பது வருடமாக யாரோ மணிக்கட்டில் பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. இறக்கிவிட்டு மறுபடி ஓங்கினேன். மறுபடி நின்றது. சுவர் பாவம், நேற்று வெள்ளையடித்ததுபோல் இருந்தது. நாலு மணி நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

பூங்கோதை சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். பாத்திரம் ஒன்றோடொன்று மோதாமல் நடுவில் துணி வைத்துக் கட்டினாள். அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, விரல் நுனியில் நடந்துபோனாள். கொளத்தூரில் நடப்பதுபோல. ஒரு வருடமாக நான் பார்க்காத நடை. குடத்தருகே போய் நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி குடிச்சுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

என்னிடம் கேட்டாள். தண்ணீர் குடிக்க.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. வேதாசலத்தின்மேல்கூட இல்லை. அந்த மெத்தை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அவன்மேல். என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் மூஞ்சியை வைத்துக்கொண்டு.

"யாரையும் கேக்க வேணாம்!" என்று கத்தினேன். ஓங்கி அடித்தேன்.

ஆணி உள்ளே போனது. சுவர் விரியவில்லை. கூரை இடியவில்லை. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். கை பழகிவிட்டதால் இரண்டாவது அடி அடித்தேன். மூன்றாவதும் அடித்தேன். ஆறு அங்குல ஆணி என்பது மறந்தே போய்விட்டது. தலை சுவரோடு சுவராகும் வரைக்கும் அடித்தேன்.

பூங்கோதை குடத்தருகிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு, கழுத்தெல்லாம் வழிய, மடக் மடக்கென்று சத்தமாகக் குடித்தாள்.

மங்கையர்க்கரசி பானைமேல் எழுந்து நின்றார். "ஆணி ஒன்று. குடியிருப்பு உறுதி செய்யப்பட்டது" என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடிக்கும்போது ஒரு சாண் வளர்ந்திருந்தார். கருவூல ஆட்கள் எழுந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சுருட்டிய கூடத்தை விரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வருத்தமே இல்லை.

அப்போது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள்.

டொக். டொக்.

சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க. ஒரே ஒரு ஆணிதான். இனிமே சத்தம் வராது" என்றேன் சுவரைப் பார்த்து.

பூங்கோதை என் தலையில் குட்டினாள்.

"சார், நிறுத்திடாதீங்க" என்றது ஒரு பெண் குரல். "நான் நூத்திப் பதினெட்டாம் பத்தி, அடுத்த பக்கம். வாடகை உதவித் திட்டம். என் பேரு ரெஜினா."

"சொல்லுங்கம்மா."

"பாதி வாடகைய அரசாங்கம் குடுக்குது. பாதி நாங்க குடுக்கறோம். ஆணி அடிக்கற உரிமை மட்டும் ரெண்டு பேருக்கும் இல்ல. உங்க ஆணி எங்க பக்கம் ரெண்டு அங்குலம் வந்து நிக்குது."

"ஐயோ, தெரியாம வந்துடுச்சும்மா. இப்பவே பிடுங்கிடறேன்."

"பிடுங்கிடாதீங்க சார்! எம் புருஷனோட சட்டைய அதுல மாட்டிட்டேன்." சட்டையை நீவிவிடும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் சொன்னது: "பதினோரு வருஷமா மாட்ட எடமில்லாம அத மடியிலேயே வெச்சிட்டு உக்காந்திருந்தேன். இப்பத்தான் எந்திரிச்சு நிக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் சோம்பல் முறித்து எலும்புகள் சொடுக்கும் சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. பூங்கோதை சுவரில் காதை வைத்துக் கேட்டாள். வேதாசலம் வைத்ததுபோல் இல்லை. பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் வைப்பதுபோல்.

"சார், கண்ணாடிக்கு ஒண்ணு கெடைக்குமா?" என்றாள் ரெஜினா.

"அவர்கிட்ட இருந்தது ஒரே ஆணிதாம்மா" என்றாள் பூங்கோதை.

மங்கையர்க்கரசி தொண்டையைக் கனைத்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். அதிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது. பையைவிடப் பெட்டிகள் பெரியவை.

"இந்த வருஷத்து ஆணி ஒதுக்கீடு. ஒருத்தரும் கேட்டு வாங்கல" என்றார். "அஞ்சு மணிக்குள்ள செலவாகலன்னா திரும்பிப் போயிடும்."

"இப்ப மணி என்ன மேடம்?"

"ஏழு நிமிஷம் இருக்கு."

ரெஜினாவுக்குப் பின்னால், இன்னும் தள்ளி, ஒரு கிழவர் குரல் கேட்டது. நூற்றுப் பத்தொன்பது என்றார். குடை மாட்ட வேண்டும் என்றார். அதற்கும் தள்ளி யாரோ சாமி படம் என்றார்கள். ஒருவர் கிடார் என்றார். அதற்கும் அப்பால் குரல்கள் ஒன்றோடொன்று கலந்து, திருவிழாக் கூட்டம்போல் இரைந்தன. கருவூல ஆட்கள் கூடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து பெட்டிகளை உடைத்தார்கள். பூங்கோதை நாலு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு, கை நிறைய அள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணால் அவசரப்படுத்தினாள்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.

"உயரம் சொல்லுங்கம்மா" என்றேன்.